கொல்லிமலையும் கொல்லை வீடும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. முதல் பத்து வளைவு வரையில் பஸ்ஸில் இருப்பவர்கள் மலையின் அழகை வர்ணித்துக்கொண்டு வருவார்கள். முப்பதாவது வளைவில் வர்ணனை நின்றுவிடும். ஐம்பதாவது வளைவுக்கு மேல் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு அவரவர் குலதெய்வத்தை நினைத்துக்கொள்ளத் தொடங்குவார்கள். சென்ற தை மாதத்தில் நாமும் அவ்விதமே நினைத்துக்கொண்டு மலை மீது போய்ச் சேர்ந்தோம். நம்மிடம் முன்னொரு காலத்தில் கணக்குப் படித்த மாணவன் ஒருவன், "சார், ஒரு தடவையாவது எங்கள் வீட்டுக்கு வரவேண்டும்" என்று வெகு நாளாக அழைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஊர் திருப்புலி நாட்டில் இருக்கிறது.

'நாடு' என்றதும் நேயர்கள் ஏதோ சமஸ்தானம் என்று எண்ணவேண்டாம். கொல்லிமலை பழைய வழக்கப்படி பதினான்கு நாடுகளாகப் பிரிந்தது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று போகும் அந்த வரிசையில் திருப்புலி நாடும் ஒன்று. வல்வில் ஓரி ஆண்ட மலையில் இன்று ஒவ்வொரு நாடும் ஒரு கிராமப் பஞ்சாயத்து, அவ்வளவுதான். சாமையும் கேழ்வரகும் மிளகும் பலாவும் விளைகிற அந்தப் பூமியில் மலையாளி என்ற பழங்குடி மக்களே பெரும்பாலோர். பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். 'மலையை ஆள்பவர்' என்று பொருள் கொள்ளும் அவர்களுடைய தாய்மொழி தமிழே.

மாணவனுடைய வீடு மண் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ளது. அதில் மூன்று அறைகள். அந்த மூன்று அறைகளில் அவனுடைய தகப்பனார், தாயார், அவன், அவன் மனைவி, இரண்டு குழந்தைகள், தம்பி ஆகிய ஏழு பேர் வாசம் செய்கிறார்கள். தம்பிக்கு வைகாசியில் கலியாணம். புது மருமகள் எந்த மூலையில் பெட்டியை வைப்பாள் என்பதே அந்த வீட்டில் அப்போது நடந்துகொண்டிருந்த பெரிய விவாதம்.

முடிவில் எல்லோரும் ஒப்புக்கொண்ட யோசனை இது: பழைய வீட்டை இடிக்கவேண்டாம், பாகப் பிரிவினையும் வேண்டாம். கொல்லைப்புறத்தில், பத்தடி தள்ளி, ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, ஒரு குளியலறை கொண்ட வீடு ஒன்றைக் கட்டிவிடுவது. சுமார் 400 சதுர அடி. இளையவர்கள் அங்கே குடித்தனம் செய்யட்டும். பெரியவர்கள் கூப்பிட்டால் குரல் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும்.

இதைச் 'சின்ன வீடு' என்று எழுதலாமென்று பேனாவை எடுத்தோம். நமது வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்த வார்த்தைக்கு ஊரில் அர்த்தமே வேறு" என்று எச்சரித்தாள். ஆகையால் 'துணை வீடு' என்று பெயர் வைக்கிறோம்.

"எல்லாம் சரி, அனுமதி வாங்கியாயிற்றா?" என்று கேட்டோம். மாணவன் தலையைச் சொறிந்தான். "அதுதான் சார் குழப்பம். அனுமதி இல்லாமல் கட்டினால் கரண்டு கிடைக்காது என்கிறார்கள். அனுமதிக்கு மனுப் போட்டால் கலியாணத்துக்குள் கிடைக்காது என்கிறார்கள்" என்றான்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் பாட்டன் இந்த வீட்டைக் கட்டறப்போ எந்த ஆபீசுல மனுக் கொடுத்தாரு, வாத்தியாரய்யா? நம்ம பூமியில நம்ம பிள்ளைக்கு ஒரு வீடு கட்ட இன்னொருத்தரை ஏன் கேக்கணும்?" என்றார்.

இந்தக் கேள்வி திருப்புலி நாட்டுத் திண்ணைக்கு மட்டும் உரியதன்று. சேலத்திலும் திருச்சியிலும் கொல்லைப்புறத்தில் காலி இடமும், கூடத்தில் இட நெருக்கடியும் உள்ள ஒவ்வொரு குடும்பமும் என்றைக்கேனும் இதைக் கேட்டிருக்கும். ஆகவே இதற்கு நிதானமாகப் பதில் தேடுவது நல்லது.

முதலில் உலகத்தைச் சற்றுப் பார்ப்போம். கூட்டுக் குடும்பம் என்பதே அறியாதவர்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் அமெரிக்காவில், காலிபோர்னியா மாகாணத்தில், வீட்டுப் பஞ்சம் பொறுக்கமுடியாமல் போயிற்று. மக்கள் தாய் தந்தையருக்கென்றோ, வாடகைக்கென்றோ கொல்லைப்புறத்தில் துணை வீடு கட்ட விரும்பினார்கள். நகரசபைகளோ மனையின் அளவு போதாது, மோட்டார் வண்டி நிறுத்த இடம் போதாது, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி விசாரணை நடத்தவேண்டும் என்று ஆயிரம் முட்டுக்கட்டை போட்டன. விளைவு என்ன? கட்டுகிறவர்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள், திருட்டுத்தனமாகக் கட்டினார்கள். மாகாண சட்டசபை 2016-ஆம் வருஷத்திலிருந்து அடுத்தடுத்துச் சட்டங்கள் செய்து இந்த முட்டுக்கட்டைகளை அகற்றியது. 2020 ஜனவரி முதல் அமலுக்கு வந்த சட்டங்களின்படி, விதிக்குப் பொருந்திய மனுவை 60 நாளைக்குள் முடிவு செய்யவேண்டும். செய்யாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். பக்கத்திலும் பின்புறத்திலும் நான்கு அடி இடம் விட்டு, 16 அடி உயரத்துக்குள், 800 சதுர அடி வரையில் கட்டும் துணை வீட்டை மனையின் அளவைச் சொல்லி எந்த நகரசபையும் தடுக்கமுடியாது. 2023-இல் செய்த இன்னொரு சட்டப்படி, 2025 ஜனவரி முதல் தேதிக்குள் ஒவ்வொரு நகரசபையும் முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வீட்டு வரைபடங்களுக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் ஏற்பட்டது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணம் 2009-லேயே, 450 சதுர மீட்டருக்குக் குறையாத மனையில் 60 சதுர மீட்டர் வரையில் துணை வீடு கட்டுவதற்குச் சுருக்கமான அனுமதி வழி ஒன்றை வகுத்துவிட்டது.

நமது தமிழ்நாட்டில் நிலைமை என்ன? கட்டட அனுமதிக்கு மூலாதாரமாக இருப்பது 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டம். கார்ப்பொரேஷனுக்கு ஒரு விதி, முனிசிபாலிடிக்கு ஒரு விதி, பஞ்சாயத்துக்கு ஒரு விதி என்று சிதறிக் கிடந்தவற்றை ஒன்று சேர்த்து, 2019-இல் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியாயின. துணை வீட்டுக்குச் சலுகை எதையும் இங்கே எதிர்பார்க்கவேண்டாம். ஒரே மனையில் இரண்டாவது வீடு எழுந்தால், முதல் வீட்டின் தளப்பரப்பையும் அதனுடன் கூட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள். சாதாரண உயரமுள்ள வீடுகளுக்கு மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு வரை தளம் அமைக்கலாம் என்பது பொது விதி. அதற்குள் அடங்கினாலும், தெருப்பக்கமும் பக்கவாட்டிலும் விதித்தபடி இடம் விடவேண்டும்.

2024 ஜூலை 22-இல் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், தரைத்தளமோ, அதன்மேல் ஒரு மாடியோ கொண்டு, 3,500 சதுர அடிக்கு மேற்படாமல் வீடு கட்டுகிறவர்கள் தாங்களே விதிகளின்படி கட்டுவதாகச் சான்று கூறி, இணையதளத்தின் மூலமாக உடனே அனுமதி பெறலாம் என்ற சுயசான்று முறை அன்று தொடங்கிவைக்கப்பட்டது. அனுமதிக்கு முன்பாக அதிகாரி வந்து இடத்தைப் பார்க்கவேண்டும் என்பதில்லை. குடிமகனுடைய வார்த்தையைச் சர்க்கார் நம்புகிறது என்பதே இதன் சாரம். சமவெளியில் ஒரு கிரவுண்டு மனையில் துணை வீடு கட்ட நினைக்கும் நேயர்கள் முதலில் தட்டிப்பார்க்கவேண்டிய கதவு இதுவே.

ஆனால் மலையின் கதை வேறு. மலைப்பகுதிகளைக் காப்பதற்காக 1990-ஆம் வருஷத்தில் சர்க்கார் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழு ஒன்றை ஏற்படுத்தி, எந்தெந்தக் கிராமங்கள் அதன் பார்வைக்கு உட்பட்டவை என்று ஒரு பட்டியலும் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் உள்ள இடத்தில் கட்டடம் எழுப்ப வேண்டுமானால் வனத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை முதலியவற்றின் கருத்தையும் கேட்கவேண்டும். சரிவு எவ்வளவு, மண் எப்படிப்பட்டது, மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது என்பவையெல்லாம் பார்த்த பிறகே அனுமதி. ஆகையால் கொல்லிமலையாகட்டும், ஏற்காடாகட்டும், மலை மேல் மண்வெட்டியை எடுக்கும் முன்பு, அந்தச் சர்வே எண் எந்த விதிக்கு உட்பட்டது என்று எழுத்து மூலமாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதே முதல் வேலை.

"இத்தனை சடங்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு, மலை சில சமயங்களில் மிகவும் கொடூரமாகப் பதில் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 30-ஆம் தேதி பொழுது விடிவதற்குள் வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் நிலம் சரிந்து இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி, புயல் மழையில் திருவண்ணாமலையின் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் உருண்டு வந்து ஒரு வீட்டை மூடின. அதற்குள் இருந்த ஏழு பேர் உயிருடன் திரும்பவில்லை. அவர்களில் ஐவர் குழந்தைகள். மழையை எந்த விதியும் தடுக்காது. ஆனால் மழை இறங்கும் வழியில் வீடு இருக்கக்கூடாது என்று சொல்ல விதியால் முடியும்.

இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். பெரியவருடைய பாட்டனார் கட்டியது மண் சுவர். அதற்குச் சரிவை ஆழமாக வெட்டவேண்டியதில்லை. பேரன் கட்டப்போவது கான்கிரீட் வீடு. கடைக்காலுக்காக மலையை வெட்டுவார்கள். வெட்டிய இடத்தில் தடுப்புச் சுவர் வேண்டும். அந்தச் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறக் குழாய் வேண்டும். பாட்டனார் காலத்து அனுபவம் மட்டும் கொண்டு பேரன் காலத்து வீட்டைக் கட்டிவிட முடியாது.

இவ்வளவையும் சொன்ன பிறகு, பெரியவரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "உங்கள் பாட்டனார் இந்த இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தார்?"

பெரியவர் உற்சாகமாகச் சொல்லத் தொடங்கினார். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக் கேட்டாராம். ஒரு மழைக்காலம் முழுவதும் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்தாராம். பக்கத்து நிலத்துக்காரரின் வழி மறிபடாமல் அளந்து கல் நட்டாராம். "கிழக்காலே சரிவு ஓரமா இடம் விசாலமாத்தான் இருந்துது. ஆனா ஐப்பசியிலே அங்கே ஊத்து கிளம்பும். அதனாலே வேண்டாம்னுட்டாங்க" என்றார்.

"அப்படியானால் உங்கள் பாட்டனாரும் அனுமதி வாங்கித்தான் கட்டியிருக்கிறார், காகிதத்தில் வாங்கவில்லை, அவ்வளவுதான்" என்றோம்.

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. அவருடைய பார்வை கொல்லைப்புறம் சென்றது. புது வீட்டுக்கென்று முளைக்குச்சி அடித்து வைத்திருந்த இடம், அந்தக் கிழக்குச் சரிவின் ஓரந்தான்.

ஆகவே அனுமதி என்பது அவசியம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அனுமதி பெறும் வழி எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட்டால் நாம் பாதி நியாயமே பேசியவர்களாவோம்.

முதலாவது, நிலத்தின் உரிமைக்குச் சான்று வேண்டும். மலைவாசிகள் பலருக்குச் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே வனநிலத்தில் வாழ்ந்து உழுதுவரும் பழங்குடிகளுக்கு 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் உரிமை வழங்குகிறது. அந்த உரிமை வாரிசுக்குப் போகும். விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. இது பழங்குடிகளின் நிலத்தைக் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் அதே காகிதத்தை நம்பி எந்த பாங்கி வீட்டுக் கடன் கொடுக்கும்? பட்டா தகப்பனார் பெயரில் இருக்க, அதில் வீடு கட்டுகிறவன் இரண்டாவது மகனாக இருந்தால் சிக்கல் இன்னும் ஒரு முடிச்சு கூடுகிறது.

இரண்டாவது, வரைபடம் வேண்டும். அதைத் தயாரிக்கப் பதிவுபெற்ற பொறியாளர் வேண்டும். அவர் சமவெளியில் இருக்கிறார். 70 வளைவுகளைக் கடந்து அவர் வரவேண்டும், அல்லது இவர்கள் இறங்கிப் போகவேண்டும். கூலிக்காரனுக்கு அது ஒரு நாள் வருமானத்தையும் பஸ் சத்தத்தையும் இழக்கும் காரியம்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. நாற்பது அறை கொண்ட சுற்றுலா விடுதி கட்டும் தனவந்தரும், தம்பிக்கு ஓர் அறை கட்டும் குடியானவனும் ஒரே வரிசையில் நிற்கும்படி ஆகிறது. தனவந்தருக்கு மனுவைத் தூக்கிக்கொண்டு அலைய ஆள் இருக்கிறது. குடியானவனுக்கு இருப்பது இரண்டு கால்கள். முடிவில் அவன், "கட்டிவிட்டுப் பார்த்துக்கொள்வோம்" என்று துணிந்துவிடுகிறான்.

அந்தத் துணிச்சலின் விலை இப்போது ஏறிவிட்டது. 2024 டிசம்பர் 17-இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு ஒன்று, முறையான சான்றிதழைக் காட்டிய பிறகே கட்டடங்களுக்கு மின்சாரமும் தண்ணீரும் இணைக்கவேண்டும் என்றும், பாங்கிகளும் சான்றிதழைச் சரிபார்த்த பிறகே கடன் கொடுக்கவேண்டும் என்றும் கண்டிப்பாகக் கூறியிருக்கிறது. தமிழ்நாட்டு விதிகளில் சிறு குடியிருப்புகளுக்குப் பணி முடிப்புச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு, கட்டுவதற்கு முன் பெறவேண்டிய அனுமதிக்கு விலக்கு ஆகாது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு ஏமாறுகிறவர்கள் நகரங்களிலும் உண்டு.

"பிற்பாடு அபராதம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாமே" என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதுவும் நமது மாகாணத்தில் நடந்து பார்த்த காரியந்தான். 1999 பிப்ரவரி 28-க்கு முன் கட்டியவற்றை வரன்முறை செய்ய ஒரு ஏற்பாடு வந்தது. "இனி இல்லை" என்று எண்ணியிருக்க, 2007 ஜூலை முதல் தேதிக்கு முன் கட்டியவற்றுக்கென்று மறுபடியும் ஒன்று வந்தது. விதிப்படி இடம் விட்டுக் கட்டியவன் தன் மனையில் பாதியை இழந்து நிற்க, விதியை மீறியவன் அபராதம் கட்டி முழு மனையையும் அனுபவிப்பதைக் கண்டால், அடுத்த வீடு கட்டுகிறவனுக்கு நாம் என்ன பாடம் சொல்லிக்கொடுத்தவர்களாவோம்? வகுப்பில் காப்பி அடித்தவனுக்கு மார்க்கைக் குறைத்துப் பாஸ் போடுவதும், ஒழுங்காக எழுதியவனைப் பெஞ்சியின் மேல் ஏற்றுவதும் போன்றது இது. மேலும் மலையில் இந்த வித்தைக்கு இடமே இல்லை. அபராதம் வாங்கிக்கொண்டு சரிவு தன் சுபாவத்தை மாற்றிக்கொள்வதில்லை.

ஆகவே சர்க்காருக்கும் மகாஜனங்களுக்கும் நாம் பணிவுடன் தெரிவித்துக்கொள்ளும் யோசனை இதுவே. எதைத் தளர்த்தலாம், எதைத் தளர்த்தக்கூடாது என்று பிரித்துக்கொள்ளவேண்டும். சரிவு, மண், நீரோட்டம் இம்மூன்றிலும் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவேண்டாம். விடுதிக்கும் குடிசைக்கும் இதில் ஒரே நியாயம். ஆனால் காகிதத்திலும் காலத்திலும் அலைச்சலிலும் ஏழைக்குத் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். சொந்த வாசத்துக்காக 500 சதுர அடிக்குள் கட்டும் துணை வீட்டுக்கு, மலைக்கு ஏற்ற மாதிரி வரைபடங்கள் நாலைந்தைச் சர்க்காரே பொறியாளர்களைக் கொண்டு தயாரித்து ஒப்புதல் அளித்து, பஞ்சாயத்து ஆபீசில் தொங்கவிடலாம். காலிபோர்னியாக்காரர்கள் செய்யும் காரியம் நமக்கு அசாத்தியமல்லவே! மாதம் ஒரு நாள் சம்பந்தப்பட்ட துறை உத்தியோகஸ்தர்கள் அனைவரும் செம்மேட்டில் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து மனுக்களை வாங்கலாம். இடத்தை ஒரு தடவை சேர்ந்து வந்து பார்த்து, இத்தனை நாளைக்குள் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று காரணத்தோடு சொல்லலாம். 'இல்லை' என்றால், அதே பூமியில் எந்த இடத்தில் கட்டலாம் என்பதையும் சொல்லிவிட்டுப் போகலாம். ஊற்று எங்கே கிளம்பும் என்று அறிந்த கிழவர்களை அந்தச் சமயத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் உத்தியோகஸ்தர்களுக்கே வேலை சுலபமாகும்.

வீடு கட்டப்போகும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். பழைய வீட்டின் அளவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இ-சேவை மையத்தில் மனுப் போட்டால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். "எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் தரகரிடம் பணம் கொடுப்பதற்குப் பதிலாக, அந்தப் பணத்தைக் கடைக்காலில் போடுங்கள்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது கொல்லைப்புறம் எட்டிப் பார்த்தோம். கிழக்குச் சரிவோரம் இருந்த முளைக்குச்சிகள் அங்கே இல்லை. பெரியவர் பலா மரத்துக்கு இந்தப்புறம், பழைய வீட்டுக்கு அருகிலேயே சமதரையில் அவற்றைத் தம் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார். "இடம் கொஞ்சம் குறுகலாத்தான் இருக்கும், வாத்தியாரய்யா. பரவாயில்லை. பெரியவன் நாளைக்கே பட்டாவை எடுத்துக்கிட்டுச் செம்மேடு போறான். கலியாணம் ஆவணிக்குத் தள்ளினாலும் தள்ளட்டும்" என்றார்.